பவளத்தை மூடும் பாசி: கண்டவர்கள் என்ன செய்யலாம்?

ராமநாதபுரம் கடற்கரையில் ‘பெப்சி பாசி’ எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கப்பாபைகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் கடல். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் கராகீனன் இதிலிருந்து கிடைக்கிறது. பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் இதை 1990களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்தது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்துவிட்டால் 45 நாளில் நான்கு மடங்காகிவிடும். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கத் தீவுத் தீவாக அலைந்து, மூச்சடக்கி முங்கிய பெண்களுக்குக் கரையோரத்திலேயே காசு பார்க்க வழி செய்த பயிர் இது. அந்த வருமானத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது.

ஆனால் பயிருக்கு நல்லதாக இருக்கும் அதே குணம்தான் கடலுக்கு ஆபத்தாகிறது. இந்தப் பாசியை வளைத்தால் பட்டென்று முறியும். முறிந்த துண்டு சாவதில்லை. அலையோடு போய், மான்கொம்புப் பவளத்தின் கிளை இடுக்கில் செருகிக்கொண்டால் அங்கேயே ஒட்டி வளரும். கிளைக்குக் கிளை தாவி, மேலே பாய் விரித்ததுபோல் மூடிவிடும். பவள உயிர்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டுதான் அவற்றுக்குச் சோறு போடுகின்றன. வெளிச்சம் மறைந்தால் பவளம் பட்டினியில் சாகும். பவளம் செத்த இடத்தில் மீன் அண்டாது. நஷ்டம் கடைசியில் வலை வீசுகிறவருக்குத்தான்.

மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவில் இப்படி உயிருள்ள பவளத்தின் மேல் பாசி படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2005இல், பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று தமிழக அரசு ஆணை போட்டிருந்தது. ஆணை சரியானதே. ஆனால் அது வருவதற்குள் வளர்ப்பு மன்னார் வளைகுடாவின் வாசலில் வேரூன்றிவிட்டது. பிறகு பலமுறை ஆட்களை இறக்கிக் கையால் எடுத்தும், இடுக்கில் மிஞ்சிய அடித்தண்டு மறுபடி துளிர்த்தது.

முளையிலேயே பிடித்தால் நிலைமை வேறு. கலிபோர்னியாவில் அகுவா ஹெடியோண்டா என்ற காயலில் 2000 ஜூன் மாதம், கடற்புல்லைச் சோதிக்க முங்கியவர்கள் காலெர்ப்பா என்ற அன்னியப் பாசியைக் கண்டார்கள். யாரோ மீன் தொட்டியைக் கழுவி ஊற்றியதில் வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது. இதே பாசியை மொனாக்கோ கரையில் 1984இல் ஒரு சின்னத் திட்டாகப் பார்த்தும் விட்டுவைத்ததால் மத்தியதரைக் கடல் பட்ட பாட்டை அங்கே எல்லோரும் அறிந்திருந்தார்கள். அதனால் காயலில் தாமதிக்கவில்லை. திட்டுத் திட்டாகக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் மணல் மூட்டை வைத்து, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006இல் பாசி ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு சுமார் 70 லட்சம் டாலர்.

நம் கையிலும் சட்டங்கள் இருக்கின்றன. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம், அயல் ஊடுருவல் இனங்களின் இறக்குமதியையும் வைத்திருப்பதையும் பரவலையும் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே நல்லெண்ணத்தில்கூட நீங்களே இறங்கிப் பாசியைப் பிய்க்காதீர்கள். பவளம் உடைந்தால் குற்றம், சிதறும் துண்டுகளால் பரவலும் கூடும். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, அன்றைக்கே வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் பதிவேட்டில் இதை ஏற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மனு போட்டும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு; 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இழப்பீடோ சீரமைப்போ கேட்பதானால் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு.

மிதவை போட்டிருக்கும் அக்காமார்களிடம் ஒரு வேண்டுகோள்: புயல் எச்சரிக்கை வந்தால் மிதவையைக் கரைக்கு இழுத்துவிடுங்கள். வலையில் சிக்கிய துண்டைக் கடலில் வீசாமல் மணலில் காயப்போடுங்கள். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரையும் பாசியையும் கழிமுகத்திலோ ஓடையிலோ ஊற்றவே ஊற்றாதீர்கள். இந்தப் பயிரைப் பரப்பப் பணம் ஒதுக்குகிற அரசு, தப்பிப்போன பாசியைத் தேடிக் கண்காணிக்கவும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். உங்கள் ஊர்க் கிராமசபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள்.