மாட்டு உண்ணிக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

ஹைதராபாத் கச்சிபௌலி என்றாலே ஐ.டி. கம்பெனிகள்தானே ஞாபகம் வரும்? ஆடு மாடுகளின் நோய்களை ஆராய அங்கே ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, தெரியுமா? தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம்! உண்ணி கடித்து மாட்டுக்குப் பரவும் தைலீரியா நோயையும் அங்கே ஆராய்கிறார்கள். ஆனால் அந்த உண்ணிக்கும் நோய் எதிர்ப்பு உண்டே!

● உண்ணி பூச்சியே அல்ல, தெரியுமா? எட்டுக் கால் கொண்ட சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தம்! நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. பாக்டீரியாவின் மேலுறையைத் துளைக்கும் டிஃபென்சின் என்ற குட்டிப் புரதம் உண்டு.

● அதே டிஃபென்சின் ஈயிடமும் தேளிடமும் உண்டு, தெரியுமா? இந்த மூன்றிலும் புரதச் சங்கிலியை மடித்துப் பிடிப்பவை மூன்று கந்தகப் பிணைப்புகள். கடல் மட்டியிடம் நான்கு!

● குடித்த ரத்தமே உண்ணிக்கு மருந்து, தெரியுமா? மாட்டு ஹீமோகுளோபினின் ஒரு துண்டு உண்ணியின் குடலில் பாக்டீரியாவைக் கொல்கிறது என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள்!

● எதிரியின் ஆயுதத்தையே எடுத்துக்கொண்ட உண்ணியும் உண்டு, தெரியுமா? அமெரிக்கக் கறுங்கால் உண்ணியிடம் 'டே2' என்றொரு புரதம். அதன் மரபணு பல கோடி ஆண்டுகளுக்கு முன் பாக்டீரியாவிடமிருந்து வந்தது! நம் தோலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து உண்ணியைக் காப்பது அதுதான் என்று 2020-இல் தெரியவந்தது.

● எல்லாவற்றையும் மிஞ்சும் அதிசயம் சுபோலெசின்! 2003-இல் உண்ணியில் கண்டுபிடித்த புரதம். 2008-இல் பழ ஈயிலும் எலியிலும் அகிரின் என்ற புரதத்தைக் கண்டார்கள். ஒப்பிட்டால், இரண்டும் ஒரே குடும்பம்! இறாலிடமும் உண்டு, மாட்டிடமும் உண்டு. செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு நோய் எதிர்ப்பு மரபணுக்களை முடுக்கிவிடுவது இந்தக் குடும்பத்தின் வேலை. உண்ணியிடம் சுபோலெசினை முடக்கினால் அது சரியாக ரத்தம் குடிப்பதில்லை, முட்டையும் குறைந்துவிடுகிறது!

அப்படியானால் இதையே குறிவைத்துத் தடுப்பூசி போடலாமே? அங்கேதான் ஒப்பீடு கைகொடுக்கிறது. மாட்டிடமும் இதே குடும்பப் புரதம் இருப்பதால், அதைத் தாக்கிவிடாதபடி உண்ணியில் மட்டும் வேறுபடும் பகுதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். உண்ணியின் குடலிலுள்ள வேறொரு புரதத்தை வைத்து 1990-களிலேயே ஆஸ்திரேலியாவும் கியூபாவும் உண்ணித் தடுப்பூசியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. உண்ணி மருந்துகளே பலிக்காத தொழுவங்கள் நம் நாட்டிலும் பெருகிவரும் வேளையில், ஈ, இறால், தேள் என்று ஒவ்வொன்றோடும் உண்ணியை ஒப்பிடுகிற வேலை நம் பால்மாட்டைக் காக்கிற வேலையும்தான்!