மாத்திரையும் முக்கியம், தண்ணீரும் முக்கியம்



சிலர் கொஞ்ச நாள் தூக்கமே இல்லாமல் ஓயாமல் பேசுவார்கள், கடன் வாங்கியாவது செலவு செய்வார்கள். பிறகு வாரக்கணக்கில் சோர்ந்து முடங்கிவிடுவார்கள். இது பேய் பிடித்ததும் இல்லை, திமிரும் இல்லை. பைபோலார் என்ற இருதுருவ மனநோய். மருந்தால் கட்டுப்படும்.

இதற்கு லித்தியம் மாத்திரை கொடுப்பது உண்டு. அது சிறுநீரில்தான் வெளியேறும். உடம்பில் தண்ணீரோ உப்போ குறைந்தால் வெளியேறாமல் ரத்தத்தில் கூடி விஷமாகிவிடும். ஆகவே லித்தியம் சாப்பிடுபவரைக் கவனிக்கும்போது:

• களையெடுக்கப் போனால் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள்.

• சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள்.

• டாக்டரைக் கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள்.

• சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

• வாந்தி, பேதி, கை நடுக்கம் அதிகமாவது, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“நல்லாயிட்டாளே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். கர்ப்பம் தரித்தாலும் டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

தூக்கம் குறைவது பல பேருக்கு முதல் அறிகுறி. அப்போதே காட்டுங்கள். கட்டிப் போடாதீர்கள், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. சாகப் போவதாகச் சொன்னால் தனியே விடாமல் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், ராத்திரியிலும் பேசலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள்.