பசுவின் இதயத்தைக் கேட்ட காலை

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் இறுதியாண்டு என்பது நேரடிச் சிகிச்சைப் பயிற்சிக்கான காலம். நோயாளி பேசாது, நாம்தான் தொட்டும் கேட்டும் அறிய வேண்டும்.

அந்த ஆண்டில் ஒரு காலை, முதல்நாள் கன்று ஈன்ற பசுவொன்று எழமுடியாமல் கிடந்தது. கழுத்து விலாப்பக்கம் மடிந்திருந்தது. காதுகள் குளிர்ந்திருந்தன. அது ‘பால் காய்ச்சல்’. பெயரில்தான் காய்ச்சல்; உடலோ குளிரும். பால் சுரக்கத் தொடங்கும்போது இரத்தத்திலுள்ள கல்சியம் பாலுக்குள் போய்விடுவதால் தசைகள் சோர்ந்துவிடுகின்றன.

கல்சியத்தை நாளத்தினூடாக மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வேகம் கூடினால் இதயமே நின்றுவிடலாம். ஒரு கையில் போத்தலைப் பிடித்தபடி இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். துடிப்புத் தடுமாறியதும் போத்தலைத் தாழ்த்தினேன். சிறிது நேரத்தில் பசு ஏப்பம் விட்டது, சாணமிட்டது, பிறகு எழுந்தது.

அந்த வீட்டு அம்மாவுக்கு அந்த ஒரு பசுதான் வருமானம். நாங்கள் வரும்போது அவர் கையில் கஞ்சிப் போத்தல் இருந்தது. நல்லவேளை, ஊற்றவில்லை. விழுந்து கிடக்கும் பசுவால் சரியாக விழுங்க முடியாது. ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். கஞ்சியை வைத்துவிட்டு முதலில் வைத்தியரை அழையுங்கள்.