வீட்டிலேயே கலர் பிலிம் கழுவலாமா?



கறுப்பு-வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவிப் பழகியவர்கள்கூடக் கலர் பிலிம் என்றதும் பின்வாங்குவார்கள். அது பெரிய லேப்களால் மட்டுமே முடிகிற வேலை என்பது அவர்கள் எண்ணம். அப்படி என்னதான் சிரமம் அதில்? முக்கியமாக ஒன்றுதான்: வெப்பநிலை.

நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது தெரியுமா? 1960-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்தான் அது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை பிலிம் செய்தது. குளிர்ந்த, தூசியில்லாத காற்று வேண்டும் என்று அதை உதகமண்டலத்தில் அமைத்தார்கள். இன்று அது இயங்கவில்லை.

கறுப்பு-வெள்ளை பிலிமைக் கழுவவும் குளிர்ச்சி வேண்டும். டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருப்பது வழக்கம். மதுராந்தகத்தில் மே மாதம் குழாயைத் திறந்தால் 20 டிகிரியில் தண்ணீர் வருமா? ஐஸ் போட்டால்தான் உண்டு! கலர் நெகடிவின் கதை வேறு. 1972-ல் கோடாக் கம்பெனி கொண்டுவந்த சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி இருக்க வேண்டும். பாரன்ஹீட்டில் சரியாக 100. கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே ஏறத்தாழ அந்தச் சூட்டில் இருக்கும்.

வண்ணம் எங்கே பிறக்கிறது?

கலர் பிலிமில் மூன்று முக்கிய அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கு நீல ஒளியையும், நடு அடுக்கு பச்சையையும், கீழ் அடுக்கு சிவப்பையும் பதிவு செய்கின்றன. மூன்றிலும் இருப்பது வெள்ளி உப்புதான். ஒளிபட்ட உப்பை டெவலப்பர் வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. அப்போது டெவலப்பரும் மாற்றமடைந்து, அந்த அடுக்கில் உள்ள 'கப்ளர்' என்ற பொருளுடன் சேர்கிறது. அந்தச் சேர்க்கையில்தான் சாயம் பிறக்கிறது! மேல் அடுக்கில் மஞ்சள். நடுவில் மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு. கீழே சயான் என்னும் பச்சை கலந்த நீலம். எல்லாம் எதிர் நிறங்கள். ஆகவே பச்சை வயல் நெகடிவில் மெஜந்தாவாகத் தெரியும்.

சூடு குறைந்தால் மூன்று அடுக்குகளும் ஒரே சீராக வளராது. ஒரு நிறம் முந்தும், ஒன்று பிந்தும். பிறகு பிரிண்டில் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

செய்யும் முறை

டெவலப்பர், பிளீச்-பிக்ஸ், ஸ்டெபிலைசர் ஆகியவை அடங்கிய பெட்டிகள் விற்கின்றன. ஒளி புகாத மூடியுள்ள டாங்க் ஒன்றும் வேண்டும். கையுறை அணியுங்கள்; ஜன்னலைத் திறந்து வையுங்கள்; பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். சமையல் பாத்திரங்களைத் தொடாதீர்கள்.

பிலிமை டாங்கில் ஏற்றும்போது மட்டும் முழு இருட்டு தேவை. சிவப்பு விளக்கும் கூடாது. கலர் பிலிம் சிவப்பையும் பார்க்கும் அல்லவா? வீணான பிலிம் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பலமுறை ஏற்றிப் பழகுங்கள்.

பெரிய பிளாஸ்டிக் டப்பில் 39 டிகிரி நீரை நிரப்பி, மருந்துப் பாட்டில்களையும் டாங்கையும் அதில் நிறுத்துங்கள். டெவலப்பர் 37.8-க்கு வந்ததும் டாங்கில் ஊற்றுங்கள். நேரம் 3 நிமிடம் 15 விநாடி. பெட்டியில் உள்ள தாள் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சூடு பார்க்கக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் உதவும். ஆனால் அதை மறுபடி யார் வாயிலும் வைக்கக் கூடாது!

அடுத்து பிளீச்-பிக்ஸ். இது வெள்ளியைக் கரைத்து அகற்றிவிடும். சாயம் மட்டும் மிஞ்சும். பிறகு நீரில் அலசி, ஸ்டெபிலைசரில் நனைத்து, தூசியில்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். முதல் ரோலில் அக்கா கல்யாணத்தை எடுத்துவிடாதீர்கள். ஏரிக்கரையும் ஆட்டுக்குட்டியும் போதும்.

பிரிண்ட் போட என்லார்ஜர், கலர் பில்டர்கள், கலர் பேப்பர் வேண்டும். படத்தில் மஞ்சள் மிகுந்தால் மஞ்சள் பில்டரையே கூட்ட வேண்டும், நெகடிவ் அல்லவா! என்லார்ஜர் இல்லையா? வெள்ளை ஒளியின் மேல் நெகடிவை வைத்துச் செல்போனில் படமெடுத்து நிறங்களைத் திருப்பலாம்.

மிச்சத்தை எங்கே கொட்டுவது?

பயன்படுத்திய பிளீச்-பிக்ஸில் உங்கள் படத்தின் வெள்ளி முழுவதும் கரைந்திருக்கிறது. நீரில் வெள்ளி அயனிகள் பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு. மதுராந்தகம் ஏரி வயல்களுக்குப் பாய்வது. அருகில் உள்ள வேடந்தாங்கலின் பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளில்தான் இரை தேடுகின்றன. ஆகவே சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மூடிய பிளாஸ்டிக் கேனில் பெயர் எழுதிச் சேர்த்து வைத்து, வெள்ளியைப் பிரித்தெடுக்கும் கலர் லேபிடம் ஒப்படையுங்கள். அப்படி ஒரு லேப் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்ட பிறகே மருந்துப் பெட்டியை வாங்குங்கள்.