விசுவாசமும் நம்பிக்கையும்: விவிலியத் தமிழில் ஒரு வேறுபாடு

நாளை நிகழவிருப்பதை அறியாத நிலையிலும் இறைவனைச் சார்ந்திருத்தலைக் கிறித்தவம் எவ்வாறு விளக்குகிறது? எபிரேயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம், செல்லுமிடம் அறியாமல் புறப்பட்ட ஆபிரகாமை இதற்குச் சான்றாகக் காட்டுகிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பிஸ்திஸ்' என்பது இறைவன்மீது கொள்ளும் பற்றுறுதி. 'எல்பிஸ்' என்பது வரவிருப்பதை எதிர்பார்த்திருத்தல். 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு இவற்றை முறையே 'விசுவாசம்', 'நம்பிக்கை' என்றது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்போ 'நம்பிக்கை', 'எதிர்நோக்கு' என்கிறது. ஆகவே, 'நம்பிக்கை' என்னும் சொல் இவ்விரு நூல்களிலும் வெவ்வேறு பொருள் தருவதை ஆசிரியர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

இவ்வேறுபாட்டை மறப்பின், விரும்பியது கைகூடும் என்னும் எதிர்பார்ப்பே இறைப்பற்று எனக் கொள்ள நேரிடும். நோயோ இழப்போ வருங்கால் அப்பற்றே பொய்த்ததாகத் தோன்றும். ஆபிரகாம் வழியை அறியாதபோதும் அழைத்தவரைச் சார்ந்து நடந்தார் என்பதே இவ்வதிகாரத்தின் கருத்து எனக் கொள்கிறோம்.