தூதரக வாயிலில் இரங்கல் மொழி

ஒரு நாட்டில் நேர்ந்த பேரிழப்புக்கு வேறொரு நாட்டு மக்கள் இரங்க முற்படும்போது, அவ்விரங்கலை எங்கே கொண்டுசேர்ப்பது என்னும் வினா எழுகிறது. இறந்தோரின் இல்லங்கள் தொலைவில் உள்ளன. உயிர்நீத்த இடத்திற்குச் செல்வதும் எளிதன்று. இந்நிலையில் மக்கள் நாடிச்செல்லும் இடமாக அந்நாட்டின் தூதரகம் அமைகிறது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலில் 2,977 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, இலண்டன் குரோவ்னர் சதுக்கத்தில் காணப்பட்ட காட்சிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

அச்சதுக்கத்தின் மேற்கே, ஈரோ சாரினன் வடிவமைத்து 1960இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் அமெரிக்கத் தூதரகம் அப்போது இயங்கிவந்தது. நடுவிலுள்ள பூங்காவில் 1948 முதல் ரூஸ்வெல்ட்டின் சிலை நிற்கிறது. மலர்க்கொத்துகளும் மெழுகுவத்திகளும் கையால் எழுதிய தாள்களும் இங்கே குவிந்தன. இதே சதுக்கத்தில்தான் 1968இல் வியட்நாம் போரை எதிர்த்துப் பெருங்கூட்டம் திரண்டு காவலருடன் மோதியது. கேட்போர் அதே அரசினர், இடமும் அதுவே, கூற்று மட்டும் வேறு. தூதரக வாயில் என்பது ஒரு நாட்டை முன்னிலைப்படுத்திப் பேசுவதற்கு உரிய களமாக முன்பே நிலைபெற்றிருந்தது என்பதை இதனால் உணரலாம்.

தூதரக நிலம் அயல்நாட்டு மண் எனப் பலர் கருதுவர். அது பிழையான கருத்து. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தூதரக வளாகத்திற்கு மீறவியலாத பாதுகாப்பை அளிக்கிறதேயன்றி, அந்நிலத்தை வேறு நாட்டுக்கு உரியதாக்குவதில்லை. மேலும், மலர் வைக்கப்படும் நடைபாதை வளாகத்திற்கும் வெளியே உள்ளது. ஆயினும் மலர் வைப்பவர் தாம் அமெரிக்காவின் வாயிற்படியில் நிற்பதாகவே உணர்கிறார். இவ்வுணர்வு இல்லையேல் இவ்வழக்கமும் இல்லை.

தூதரகத்தில் எழுதப்படும் இரங்கல் இருவகைப்படும். ஒன்று, உள்ளே வைக்கப்படும் இரங்கற் பதிவேடு. அமைச்சரும் பிற நாட்டுத் தூதரும் பொதுமக்களும் வரிசையில் நின்று அதில் கையொப்பமிடுவர். இதன் நடை மரபு சார்ந்தது. பெயரும் பதவியும் நாளும் இடம்பெறும். மற்றொன்று, வெளியே மலரோடு கட்டிவிடப்படும் தாள். இதில் பெரும்பாலும் பெயர் இராது. மக்கள் தாமாகவே அமைக்கும் இத்தகைய நினைவிடங்களை அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலார் ஜாக் சான்டினோ தனியொரு வகையாகக் கொண்டு ஆராய்ந்துள்ளார். அஞ்சலி என்னும் சொல் கைகூப்புதல் என்னும் மெய்ப்பாட்டையே குறிப்பது. வெளியே வைக்கப்படும் தாளும் அத்தகையதே. படிக்கப்படுவதற்கு முன்பே, வைக்கப்படுதலால் அது பொருள் தந்துவிடுகிறது.

இத்தாள்களில் முன்னிலை யார் என்பது ஆராயத்தக்கது. சில இறந்தோரை விளிக்கும். சில நாட்டையே ஓர் ஆள்போல விளிக்கும். 2014 சூலையில் கிழக்கு உக்ரைன் வானில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். நெதர்லாந்தினரே அவருள் மிகப் பலர். அப்போது மாஸ்கோவிலுள்ள நெதர்லாந்துத் தூதரகத்தின் முன் வைக்கப்பட்ட மலர்களிடையே, மன்னிப்பு வேண்டும் தாள்களும் இருந்தன. இரங்கலுக்குரிய இடத்தில் மன்னிப்பு வந்து நின்றது; தம் அரசு சொல்லாததைத் தனிமனிதர் சொல்லினர்.

தன்மைப் பன்மையிலும் ஒரு நுட்பம் உண்டு. 2001 செப்டம்பர் 13ஆம் நாளிட்ட பிரெஞ்சு நாளிதழ் 'லெ மோந்து' தன் தலையங்கத்திற்கு 'அனைவரும் அமெரிக்கரே' என்னும் பொருளில் தன்மைப் பன்மையில் தலைப்பிட்டது. இதனைத் தமிழாக்குவோர் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா எனத் தேர்ந்தாக வேண்டும். பிரெஞ்சுக்காரர் தம்முள் பேசுவதாயின் 'நாம்' பொருந்தும். அமெரிக்கரை நோக்கியதாயின் 'நாங்கள்' என்பதே முறை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு மறைந்துகிடக்கிறது. நாளிதழின் கூற்று 'நாம்' எனின், தூதரக வாயிலின் கூற்று எப்போதும் 'நாங்கள்' ஆகும். கேட்போர் எதிரே, கதவுக்கு அப்பால் இருக்கின்றனர்.

அரசும் சொல்லின்றிப் பேசுவதுண்டு. செப்டம்பர் 13 அன்று பக்கிங்காம் அரண்மனையில் காவல் மாற்றும் சடங்கின்போது, அரசியின் ஒப்புதலுடன் அமெரிக்க நாட்டுப்பண் இசைக்கப்பட்டது. மாறாத மரபுடைய சடங்கு அது. அதில் ஏற்பட்ட மாற்றமே செய்தியாயிற்று.

தூதரகம் இல்லாத இடத்தில் என்ன நிகழும்? ஈரானுடனான தூதரக உறவை அமெரிக்கா 1980இல் முறித்துக்கொண்டது. 2001 செப்டம்பரில் டெஹ்ரான் இளைஞர்கள் பொதுச் சதுக்கமொன்றில் மெழுகுவத்தி ஏற்றி நின்றனர். பகைமையும் இதற்கு முழுத்தடை அன்று. 2015 அக்டோபர் 31 அன்று எகிப்தின் சினாய்ப் பகுதியில் ரஷ்ய விமானம் வீழ்ந்து 224 பேர் இறந்தபோது, கீவ் நகர மக்கள் ரஷ்யத் தூதரகத்தின் முன் மலர் வைத்தனர். இரு நாடுகளுக்கும் இடையே அப்போது கடும்பகை நிலவியது.

எனினும் இவ்விரங்கல் எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. 2015 நவம்பர் 12 அன்று பெய்ரூட்டில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் பாரிசில் 130 பேர் கொல்லப்பட்டனர். உலகெங்கும் பிரெஞ்சுத் தூதரகங்களின் முன் மலர்கள் குவிந்தன. பெய்ரூட் அவ்வாறு நினைக்கப்படவில்லை என்னும் குறை அப்போதே எழுந்தது. 2017 ஏப்ரலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுரங்க ரயில் தாக்குதலுக்குப் பின், பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் ரஷ்யக் கொடியின் வண்ணங்களில் ஒளியூட்டப்படவில்லை. அது பெர்லினின் தோழமை நகரன்று என்பது நகர நிர்வாகம் கூறிய காரணம். அறிந்த நகருக்கே அழுகை விரைந்து வருகிறது. இது தனிமனிதரிடம் இயல்பெனலாம். நிர்வாகம் அதனையே விதியாக்கும்போது கேள்விக்கு உரியதாகிறது.

மலர் வாடும், மழையில் மை கரையும். 2015ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் பாரிஸ் ஆவணக் காப்பகத்தார் தெருவோரத் தாள்களைத் திரட்டிப் பாதுகாத்தனர். இலண்டனிலோ கல்லிலும் வெண்கலத்திலும் நினைவு நிலைபெற்றது. குரோவ்னர் சதுக்கத்தில் 2003 செப்டம்பர் 11 அன்று ஒரு நினைவுத் தோட்டம் திறக்கப்பட்டது. தாக்குதலில் இறந்த பிரித்தானியர் 67 பேரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன; உலக வணிக மையத்தின் எஃகுத் துண்டொன்று கல்லின்கீழ் புதைக்கப்பட்டுள்ளது. அயல்நாட்டுக்கு இரங்கிய இடம், தம்மவருக்கே இரங்கும் இடமாக இவ்வாறு மாறியது. 2018 சனவரியில் தூதரகம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள நைன் எல்ம்ஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. தோட்டம் பழைய சதுக்கத்திலேயே உள்ளது.