ஆக்சிஜன் உணரிச் சூடேற்றியின் மின்சுற்றுப் பழுதறிதல்

பெட்ரோல் வாகனங்களில் என்ஜினிலிருந்து சைலன்சருக்குச் செல்லும் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி பொருத்தப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இதை ஆக்சிஜன் சென்சார் என்பர். இதனுள் இருக்கும் சிறு சூடேற்றிக்கான மின்சுற்றில் குறை ஏற்பட்டால், ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். ஸ்கேனர் கருவியை இணைத்தால் பெரும்பாலும் பி0135 என்ற குறியீடு தோன்றும். இக்குறியீடு பழுதான சுற்றைக் காட்டுகிறதே தவிர, பழுதான பொருளைக் காட்டுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் நல்ல உணரியைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்கிப் போட நேரிடும். விளக்கோ மறுபடியும் எரியும்.

உணரியின் வேலை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இந்த விகிதம் சரியாக உள்ளதா என்பதைப் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு உணரி அறிகிறது. பரவலாகப் பயன்படும் சிர்க்கோனியா வகை உணரி, எரிபொருள் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும், குறைந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் தரும். இதற்கேற்ப என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும். இவ்வகை உணரி 1976ஆம் ஆண்டு வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

சூடேற்றி எதற்கு?

சிர்க்கோனியா சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் நம்பத்தக்க மின்னழுத்தம் தரும். புகையின் வெப்பம் மட்டும் போதுமென்று விட்டால் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். சூடேற்றி இந்த நேரத்தை வெகுவாகக் குறைக்கிறது.

சூடேற்றி வேலை செய்யாதபோது, கணினி உணரியின் உதவியின்றி முன்பே பதிந்த அளவுப்படி நெடுநேரம் எரிபொருள் செலுத்தும். இதனால் எரிபொருள் வீணாகலாம். கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் கூடலாம். மிகுதியான எரிபொருள் தொடர்ந்து சென்றால், புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி அளவுமீறிச் சூடாகிக் கெடவும் கூடும். அதன் விலை உணரியின் விலையைவிடப் பல மடங்கு.

சுற்றின் அமைப்பு

நான்கு கம்பி உணரியில் இரண்டு கம்பிகள் சூடேற்றிக்கும், மற்ற இரண்டு அளவீட்டுக்கும் உரியவை. சூடேற்றியின் இரு கம்பிகளும் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும். பல வாகனங்களில் பேட்டரியிலிருந்து ரிலே, ஃபியூஸ் வழியாகச் சூடேற்றியின் ஒரு முனைக்கு மின்சாரம் வரும். மறுமுனையைக் கணினி தேவைக்கேற்ப எர்த்துடன் இணைத்துத் துண்டிக்கும். எனவே ஃபியூஸ், ரிலே, கம்பி, கனெக்டர், சூடேற்றி, கணினி ஆகியவற்றுள் எது கெட்டாலும் அதே குறியீடு வரக்கூடும்.

சோதனை முறை

1. குறியீட்டை அழிக்கும் முன் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு குறியீடுகளும் சேர்ந்து வந்திருந்தால், அப்பாகங்களுக்கும் இதே ஃபியூஸ்தானா என்று மின்சுற்று வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

2. குழாய் ஆறிய பின் கம்பிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். சூடான குழாயில் உரசி உருகிய உறை, எலி கடித்த இடம், கனெக்டரில் பச்சை பூத்த பின்கள் ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

3. ஃபியூஸ் எரிந்திருந்தால், புதியதைப் போடுவதுடன் நிறுத்தக்கூடாது. கம்பி எங்கேனும் உடலில் தொட்டு ஷார்ட் ஆகிறதா, சூடேற்றியே ஷார்ட் ஆகியுள்ளதா என்று தேட வேண்டும்.

4. கனெக்டரைப் பிரித்து, சூடேற்றியின் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். வாகனக் கையேட்டில் உள்ள அளவே இதற்குச் சான்று. பொதுவாக அது சில ஓம்கள் முதல் சுமார் இருபது ஓம் வரை இருக்கும். மீட்டர் முடிவிலி காட்டினால் சூடேற்றி அறுந்துவிட்டது. உணரியை மாற்றியே ஆக வேண்டும்.

5. சூடேற்றி நன்றாக இருந்தால், வாகனப் பக்கக் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். சில வாகனங்களில் என்ஜின் ஓடும்போது மட்டுமே வரும்.

6. கணினிக்குச் செல்லும் கம்பியின் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும். அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே கணினியைச் சந்தேகிக்கலாம்.

மீட்டர் ஏமாற்றும் இடம்

ஐந்தாம் படியில் மீட்டர் 12 வோல்ட் காட்டினாலும் சுற்று நல்லது என்று முடிவு செய்ய இயலாது. ஓம் விதி இதை விளக்கும்.

சூடேற்றியின் மின்தடை 6 ஓம் எனக் கொள்வோம். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாயும். திறன் 24 வாட். இப்போது துருப்பிடித்த கனெக்டர் ஒன்று 2 ஓம் தடையைச் சேர்க்கிறது. மொத்தத் தடை 8 ஓம், மின்னோட்டம் 1.5 ஆம்பியர். கனெக்டரிலேயே 3 வோல்ட் இழக்கப்பட்டு, சூடேற்றிக்கு 9 வோல்ட்தான் கிடைக்கும். அதன் திறன் 13.5 வாட்டாக, ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

கனெக்டரைப் பிரித்து அளக்கும்போது மீட்டர் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே பாய்கிறது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்த இழப்பும் இல்லை. ஆகவே துரு மறைந்து நிற்க, மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும்.

இதற்கான எளிய தீர்வு பாரம் ஏற்றிச் சோதிப்பது. மின்சாரம் வரும் பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே 21 வாட் பல்பை இணைத்தால் சுமார் 1.75 ஆம்பியர் பாய வேண்டும். பல்பு பளிச்சென எரிந்தால் அந்தப் பாதை நல்லது. மங்கினால் வழியில் தடை உள்ளது. கணினி கட்டுப்படுத்தும் கம்பியில் இந்தப் பெரிய பல்பை இணைக்கக்கூடாது; கணினியின் உட்சுற்று கெடக்கூடும்.

பழுதுநீக்கிய பின்

பல உணரிகள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றைத் தம் கம்பி இழைகளின் இடைவெளி வழியே பெறுகின்றன. எனவே உணரியின் கம்பியில் ஈயப் பற்றவைப்பு செய்யாமல், உற்பத்தியாளர் கூறும் முறையில் இணைக்க வேண்டும்.

குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைவது பழுது தீர்ந்ததற்குச் சான்றாகாது. என்ஜினை முழுதும் ஆறவிட்டு, மறுபடி இயக்கி ஓட்டி, கணினி தன் சோதனையை முடித்த பின்னும் குறியீடு வராவிட்டால்தான் வேலை முடிந்தது எனலாம்.